பின்புற டயர் கேரியர்: வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

கூலிம், பாடாங் செராய், லூனாஸ், மாஹாங் வட்டாரத்தில் ஃபோர்வீல் வண்டி வைத்திருப்பவர்களுக்கான பேச்சு இது. ஸ்பேர் டயரை வண்டியின் பின்னால் மாட்டும் கேரியரைப் பற்றிப் பார்ப்போம்.

முதலில், அது உங்களுக்குத் தேவைதானா? ஹைலக்ஸ் போன்ற பிக்கப்பில் ஸ்பேர் டயர் அடியில் சங்கிலியில் தொங்கும். தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அதுவே போதும், காசை மிச்சம் பிடியுங்கள். மழைக்காலத்தில் செம்பனைத் தோட்டத்துக்குள் போய் வருபவர் கதை வேறு. வண்டி வயிறு தட்டிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டால், அடியில் இருக்கும் டயரை இறக்க முடியாது. பெரிய டயருக்கு மாறியவர்களுக்கோ அடியில் இடமே போதாது. இப்படிப்பட்டவர்கள் தாராளமாக வாங்கலாம்.

கடைக்குப் போனதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “பாரம் எங்கே இறங்குகிறது?” கதவிலா, பம்பரிலா, சேசியிலா? மற்றதெல்லாம் பிறகு.

முதலில் கதவைப் பார்ப்போம். பெரோடுவா கெம்பாரா 1998-இல் வந்த வண்டி. இன்றும் நம் பக்கம் ஓடுகிறது. அதற்கும் சுசுகி ஜிம்னிக்கும் ஸ்பேர் டயர் பின்கதவிலேயே இருக்கும். கம்பெனி கொடுத்த டயரின் எடைக்குத்தான் அந்தக் கதவும் கீலும் செய்யப்பட்டவை. 31 அங்குல மட் டயரை இரும்பு ரிம்மோடு மாட்டினால் 30 கிலோவுக்கு மேல் போகும். தோட்டத்துக் குழிகளில் அது குலுங்கக் குலுங்க, கீல் தளரும், கதவு தொங்கும், ரப்பர் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். பெரிய டயர்தான் வேண்டும் என்றால் கதவை நம்பாதீர்கள். சேசியில் போல்ட் போட்டு நிற்கும் பின் பம்பரும், அதிலிருந்து பக்கவாட்டில் திறக்கும் கையும் உள்ள கேரியரைப் பாருங்கள்.

அதிலும் ஒரு கணக்கு உண்டு. பத்துக் கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துத் தூக்குவதும், கையை நீட்டிப் பிடிப்பதும் ஒன்றாகுமா? மூன்று கதவு ஜிம்னியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.25 மீட்டர். கேரியரும் டயரும் சேர்ந்து 70 கிலோ, அது பின் அச்சுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால் தொங்குகிறது என்று வையுங்கள். பின் அச்சில் 98 கிலோ கூடும், முன் அச்சில் 28 கிலோ குறையும். மேட்டில் ஏறும்போது ஸ்டீரிங் லேசாவது இதனால்தான். ஆகவே டயர் வண்டியை ஒட்டி நிற்கும் கேரியரையே எடுங்கள். பின் ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அதை முதலில் கவனியுங்கள்.

கடையிலேயே சோதித்துப் பாருங்கள். கேரியரின் கையை முழுக்கத் திறந்து, அதன் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்றால் விட்டுவிடுங்கள். சுழலும் தண்டில் பேரிங் இருக்கிறதா, கிரீஸ் அடிக்க நிப்பிள் இருக்கிறதா என்று கேளுங்கள். டயரை மாட்டிய பிறகும் ஒரு கையால் மூட வரவேண்டும். தூக்கிப் பிடித்து மூட வேண்டியிருந்தால் அளவு சரியில்லை. திறந்த கை திறந்தபடி நிற்கப் பூட்டும் வேண்டும். இல்லாவிட்டால், சரிவில் நிறுத்தி டயர் மாற்றும்போது அது தானாக வந்து முதுகில் இடிக்கும்.

போல்ட் ஓட்டைகளையும் மறக்காதீர்கள். ஜிம்னிக்கு ஐந்து, ஹைலக்ஸுக்கு ஆறு. இரண்டிலும் வட்டத்தின் அளவு 139.7 மில்லிமீட்டர்தான், ஆனாலும் ஒன்றுக்கான தட்டு மற்றதற்குப் பொருந்தாது. ரிம்மைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பிறகு சட்டம். நம்பர் பிளேட்டை டயர் மறைத்தால் அபராதம் நிச்சயம். பிளேட்டை இடம் மாற்றினால் அதன் விளக்கும் கூடவே போக வேண்டும். பிரேக் விளக்கும் சிக்னலும் பின்னால் வருபவர் கண்ணில் பட வேண்டும். பம்பரையே மாற்றுவதாக இருந்தால், வெல்டிங் பட்டறைக்குப் போகும் முன் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் விசாரியுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தோட்டத்தில் உரம் ஏற்றுபவர்களுக்குத் தனியாக ஒன்று. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் இரும்பை அரிக்கும். பளபளக்கும் கறுப்புப் பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள், அதற்கு அடியில் துத்தநாகப் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். குழாய்க்குள் தண்ணீர் தேங்காமல் வடிய ஓட்டை இருக்கட்டும். உரம் ஏற்றிய அன்றே கழுவுங்கள். கழுவும்போது பிரஷர் தண்ணீரைப் பேரிங் மேல் நேராக அடிக்காதீர்கள். மாட்டிய சில நாளில் எல்லா போல்ட்டையும் ஒருமுறை மறுபடி முறுக்கிவிடுங்கள்.

என் தீர்ப்பு இதுதான். டயரின் அளவை முதலில் முடிவு செய்யுங்கள், கேரியரைப் பிறகு வாங்குங்கள். பின்கதவில் டயர் இருக்கும் வண்டிக்குக் கம்பெனி அளவு டயர் என்றால் கதவே போதும். பெரிய டயர் என்றால் சேசியில் நிற்கும் கேரியர்தான். காசு இப்போது போதவில்லையா? சேர்த்து வைத்து நல்லதாக வாங்குங்கள். ரோட்டில் 30 கிலோ டயர் கழன்று விழுந்தால், அடிபடுவது பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர்.