எழுத வைப்பது பழக்கமே!



சொந்தக் காசில் புத்தகம் போடுகிற எழுத்தாளனை நிலைக்க வைப்பது ஊக்கமா, பழக்கமா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவி, "வள்ளுவரே ஊக்கமுடைமைன்னு ஒரு அதிகாரம் வச்சிருக்காரே"ன்னு கேட்டாங்க. வச்சிருக்கார்மா, இல்லேங்கல. அது 60-ஆவது அதிகாரம். அதோட எழுத்தாணியைக் கீழே வச்சிட்டாரா? 61 என்ன? மடியின்மை. சோம்பல் கூடாது. 62? ஆள்வினையுடைமை. விடாம உழைக்கணும். ஊக்கம் வந்தவன் அடுத்து எங்கே போகணும்னு வரிசையிலேயே காட்டிட்டாரய்யா! (கைதட்டல்)

ஊக்கம் தலை தீபாவளி மாப்பிள்ளை மாதிரிங்க. முதல் நாள் அதிரசம். மூணாம் நாள், "மாப்பிள்ளைக்கு ஆபீஸ் லீவு எத்தனை நாளு?" (சிரிப்பு) பழக்கம் பால்காரர் மாதிரி. மழையானாலும் வாசல்ல வந்து நிக்கும்.

இங்கிலாந்திலே அந்தோணி டிரோலப்னு ஒருத்தர். தபால் இலாகா உத்தியோகஸ்தர். காலை ஐந்தரை மணிக்கு மேஜை முன்னால உட்காருவார். கடிகாரத்தை எதிரே வச்சுக்கிட்டு, கால் மணிக்கு 250 வார்த்தை. தன்னை எழுப்பிவிட வேலைக்காரருக்கு வருஷம் 5 பவுன் தனியாகக் கொடுத்தார். நம்ம நகைக்கடைப் பவுன் இல்லீங்க, பிரிட்டிஷ் பணம்! (சிரிப்பு) எழுதிய நாவல் 47.

நமக்கு அவ்வளவு வேண்டாம். தினம் 200 வார்த்தை போதும். வருஷத்துக்கு 73,000. சுமார் 300 பக்க நாவல்! தாய்மார்களுக்குத் தெரியும், ராத்திரியே மாவு கரைச்சு வச்சாத்தான் காலையில இட்லி. அதுபோல, நாளைக்கு எழுத வேண்டிய முதல் வரி மனசுல இருக்கும்போதே இன்னைக்கு நிறுத்துங்க. முடிச்சதைப் பத்து நாள் தொடாதீங்க. அப்புறம் வாய்விட்டுப் படிங்க. எங்கே நாக்கு தடுக்குதோ அங்கே திருத்துங்க. பிழை பார்க்க இன்னொருத்தர் கிட்ட கொடுங்க. எடுத்த எடுப்பில் ஆயிரம் பிரதி அடிச்சுக் கட்டிலுக்கு அடியில் அடுக்காதீங்க. வீடு கூட்டுறவங்க பாவம்! (சிரிப்பு) இப்போ தேவைக்கு ஏத்த மாதிரி ஐம்பது, நூறுன்னு அச்சிட்டுத் தர்றாங்க.

சரி, புத்தகம் வந்தாச்சு. யாரும் வாங்கல. ஒரு கடுதாசி வரல. எதிரணி நண்பர்களே, அன்னைக்கு உங்க ஊக்கம் எங்கே இருக்கும்? வத்தலக்குண்டுக்காரர் ஒருத்தர் இதுக்குப் பதில் சொல்லியிருக்கார். 'வாடிவாசல்' எழுதிய சி.சு. செல்லப்பா. 1959-இல் 'எழுத்து' பத்திரிகை தொடங்கினார். தான் போட்ட புத்தகங்களை மூட்டையாகத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். கூட்டமா கூடியது? பணமா கொட்டியது? இல்லை. 1970-இல் பத்திரிகை நின்றது. அவர் பேனா நிற்கவில்லை! 85 வயசுல, 1997-இல், 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகமாகத் தானே வெளியிட்டார். அடுத்த வருஷம் காலமானார். 2001-இல் அதற்கு சாகித்ய அகாதமி விருது வந்தது. வாங்க அவர் இல்லை.

விருதை நினைச்சா அந்த மனுஷன் எழுதினார்? கைதட்டல் கேட்டா எழுதினார்? காலையில எழுந்தா எழுதணும், அவ்வளவுதான். ஊக்கத்துக்கு யாராவது தட்டிக் கொடுக்கணும். பழக்கத்துக்கு ஒரு நாற்காலி போதும். (கைதட்டல்)

ஆகவே, எழுத்தாளனை நிலைக்க வைப்பது பழக்கமே என்று தீர்ப்பு வழங்க வேண்டுகிறேன்.