குதிரையின் முக அறைகளில் சீழ்



வண்டிக் குதிரைக்கு மூக்கொழுகினால், ஜலதோஷமென்று எண்ணி வேலைக்குப் பூட்டிவிடுவோர் பலர். ஜலதோஷமாயின் பெரும்பாலும் இரு நாசிகளிலும் ஒழுகும். சில நாட்களில் தணியும். ஒரு நாசியில் மாத்திரம் வாரக்கணக்காய்ச் சீழ் வடிந்து துர்நாற்றம் வீசுமாயின், அது வேறு வியாதி.

குதிரையின் நெற்றியிலும் கண்ணுக்குக் கீழும் எலும்பினுள் காற்றறைகள் உள. இவற்றை வைத்தியர் சைனஸ் என்பர். மேல்வரிசையில் பின்புறத்துக் கடைவாய்ப் பற்களின் வேர்கள் இவ்வறைகளுக்குள் நீண்டிருக்கின்றன. இடையில் இருப்பது மெல்லிய எலும்புத் தகடே. பல் பிளந்து அழுகினால் சீழ் அறைக்குள் புகும். அது வெளியேறும் வழியோ மிகக் குறுகியது.

கத்தியை எடுக்குமுன் ஒரு சந்தேகம் தீரவேண்டும். கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்று நோயிலும் மூக்கில், சில வேளை ஒரு நாசியில் மட்டும், பிசுபிசுத்த சீழ் வரும். அந்நோய் மனிதரையும் கொல்ல வல்லது. இந்தியாவில் 1899-ஆம் வருஷத்திலேயே அதற்கெனத் தனிச் சட்டம் ஏற்பட்டது. 2009-ஆம் வருஷத்திய கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இரத்தப் பரீட்சையின் முடிவு வரும்வரை குதிரையைத் தனியே கட்டவேண்டும். அதன் வாளியும் கடிவாளமும் பிற குதிரைகளுக்கு ஆகா. சீழை வெறுங்கையால் துடைக்கும் குதிரைக்காரனே முதலில் அபாயத்திற்குள்ளாகிறான்.

அச்சந்தேகம் நீங்கியபின் வைத்தியர் முகத்தின் இரு புறமும் விரலால் தட்டி ஒலியை ஒப்பிடுவார். சீழ் நிறைந்த அறை மந்தமாய் ஒலிக்கும். ஒலி மந்தமாயில்லை என்பதால் மட்டும் நோயில்லை என்று கொள்ளலாகாது. வாயைத் திறந்து நிறுத்தும் கருவியிட்டு ஒவ்வொரு பல்லையும் பார்க்கவேண்டும். எக்ஸ்ரே படத்தில் தேங்கிய சீழின் மட்டம் நேர்கோடாய்த் தெரியும்.

சஸ்திர சிகிச்சைக்குக் குதிரையை வீழ்த்திக் கட்டவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. சாந்தப்படுத்தும் ஊசியிட்டு, நின்றபடியே அவ்விடத்தை மரக்கச் செய்து, தோலைக் கீறி, ட்ரெஃபைன் என்னும் வட்ட இரம்பத்தால் எலும்பில் துவாரமிடுவர். இளங்குதிரைக்குப் பல்வேர் மிக நீளம். துவாரம் இடம் தவறினால் நல்ல பல்லும் கெடும். பின்னர் குழாய் வைத்து, வெதுவெதுப்பான உப்புநீரால் பல நாள் கழுவுவர். சீழ் கட்டிதட்டிப் போயிருந்தால் எலும்பை ஜன்னல் கதவுபோல் திறந்தெடுப்பதும் உண்டு.

ஆனால் பல்லால் வந்த சீழுக்கு அப்பல்லை எடுப்பதே சிகிச்சை. கழுவுவதும் பென்சிலின் ஊசியும் சில நாள் ஒழுக்கை நிறுத்தும்; சொஸ்தமாயிற்றென்று பூட்டிய குதிரைக்கு மறுபடி ஒழுகும். செலவும் இரட்டிக்கும். பல்லெடுத்த குழி ஆறும்வரை தீனி புகாதபடி அதை அடைத்து வைப்பர். அவ்வடைப்பு விழுந்துவிட்டால் மென்ற புல் அறைக்குள் ஏறும். ஆதலால் வைத்தியர் குறித்த நாட்களில் குதிரையைத் தவறாது காட்டி, அடைப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.