தோட்டாவின் பித்தளை



பித்தளை என்றதும் நம்மவர் மனத்தில் எழுவன குடமும் குத்துவிளக்கும். நாச்சியார்கோயில் விளக்கைப் பற்றிப் பேசுவதென்றால் எனக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அவ்வுலோகத்தின் வேறொரு பிறவியாகிய துப்பாக்கித் தோட்டாவின் கூடு.

காரணம் இதுதான். கோபாலபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வாழும் குடும்பத்தின் பிள்ளை அமெரிக்காவில் பணிபுரிகிறார். விடுமுறைக்கு வந்தவர், "சார், அங்கே சுட்டுத் தள்ளிய கூடுகளைப் பொறுக்கிவந்து வீட்டிலேயே மறுபடியும் தோட்டா செய்துகொள்கிறார்கள். இங்கே ஏன் ஒருவரும் செய்வதில்லை? நான் அந்தக் கருவிகளை வாங்கி வரட்டுமா?" என்று வினவினார். உலோகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கேள்வி சிறியது, விடை ஒரு மாலைப் பொழுதை விழுங்கிவிட்டது.

தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு. முனையில் ஈயக் குண்டு, உள்ளே புகையற்ற வெடிமருந்து, அடியில் தட்டினால் தீப்பொறி தரும் சிறு கேப்பு, இம்மூன்றையும் தாங்கி நிற்கும் பித்தளைக் கூடு. நமது நீலகிரியில் அருவங்காட்டில் 1903-இல் நிறுவப்பெற்ற கார்டைட் தொழிற்சாலை அம்மருந்துக்காகவே எழுந்தது. சுட்டபின் குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், கேப்பு ஒரு முறைக்கு மேல் உதவாது. மீள்வது கூடு ஒன்றே. விலை மிகுந்ததும் அதுவே. ஆகவே அதைத் திரும்பப் பயன்படுத்தும் ஆசை எழுவதில் வியப்பில்லை.

ஏன் பித்தளை? நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த இக்கலவைக்கு ஓர் அரிய குணம் உண்டு. மருந்து எரியும் கணத்தில் அது விரிந்து குழலின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னோக்கிச் சீறாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்தவுடன் சற்றே சுருங்கிப் பிடியை விட்டுவிடுகிறது. இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் ஆபத்துதான். 1885-இல் சூடான் நாட்டில் அபூ கிளியாப் போரில், மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த கூடுகள் மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கிகளில் சிக்கிக்கொண்டன. எதிரி முகத்துக்கு நேரே நிற்கையில் பிரிட்டிஷ் வீரர்கள் கூட்டைப் பிடுங்கிக்கொண்டிருக்க நேர்ந்தது. பிறகு ஒரே பித்தளை வட்டிலிலிருந்து இழுத்து உருவாக்கும் முறையே நிலைபெற்றது.

இழுத்துச் செய்த கூட்டுக்கும் ஒரு நோய் வந்தது. வந்த இடம் நம் நாடு. மழைக்காலத்தில் படைகள் முகாமிட்டிருக்கையில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் வைத்தனர். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாமலே கூடுகளின் கழுத்தில் பிளவுகள்! பருவத்தோடு வந்த பிளவாதலால் பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் அதன் காரணத்தை விளக்கினர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா ஈரக்காற்றில் கலந்து, இழுத்து வடித்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தைத் தேடிச் சென்று பிளந்திருக்கிறது. மருந்தும் எளியதே: லாயத்தில் வைக்காதே; வைக்குமுன் மிதமாகச் சூடேற்றி இறுக்கத்தைத் தளர்த்து. படைத் தோட்டாக்களின் கழுத்தில் இன்றும் நீலம் பாய்ந்த வளையம் தெரிவது, கழுத்தை அவ்வாறு நெருப்பில் காட்டியதன் அடையாளமே.

நம் பாத்திரக் கன்னான் இதைப் படிக்காமலே அறிவான். தட்டத் தட்டப் பித்தளை கடினமாகும். இடையிடையே உலையிலிட்டு இளக்காவிடில் விரிசல் காணும். கூடும் அப்படியே. ஒவ்வொரு முறை சுடும்போதும் விரிந்து, மறுபடி அச்சில் நெருக்கப்படும்போது ஒடுங்கி, கழுத்து விறைத்துப்போகிறது. அமெரிக்கர் அதைச் சூடேற்றி இளக்குகின்றனர். ஆனால் அடிப்பாகத்தில் சூடு ஏறலாகாது. அது கடினமாய் இருந்தாக வேண்டும். நாம் புளியிட்டுத் துலக்குவதுபோல அவர்கள் அக்ரோட்டு ஓட்டுத் தூளில் புரட்டி மெருகேற்றுகிறார்கள் என்று அந்தப் பிள்ளை சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்து நிரப்பும் துப்பாக்கியில் சிறு குறை பொறுத்துக்கொள்ளப்படலாம். சுட்ட வேகத்தில் தானே கூட்டை வீசி, தானே அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் வகையில் அவ்விதம் இராது. 1960-களில் இஷாப்பூரில் நம் படைக்காகச் செய்யத் தொடங்கிய 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கி அவ்வகையே. அதில் கூடு முரட்டுத்தனமாக இழுபடுகிறது, வாய் நசுங்குகிறது, அடியை ஒட்டிய சுவர் நீண்டு மெலிகிறது. மெலிந்தது வெளியே தெரியாது. அடுத்த சூட்டில் அடி தனியே அறுந்துவிட்டால், சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 50,000 பவுண்டு அழுத்தமுள்ள வாயு சுடுபவனின் முகத்துக்கு அருகே வழி தேடும். கேப்பு மயிரிழை வெளியே துருத்தியிருந்தாலும், பூட்டு மூடும் வேகத்தில் விரலைத் தொடாமலே வெடிக்கக்கூடும்.

பிள்ளை இதையெல்லாம் அறிந்திருந்தார். அறியாதது நம் சட்டம். 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தில் தோட்டா என்னும் சொல் முழுத் தோட்டாவை மட்டும் குறிப்பதன்று. அதன் பகுதிகளும், அதைச் செய்யும் இயந்திரமும் அதனுள் அடக்கம். உரிமமின்றித் தோட்டா உற்பத்தி செய்வது குற்றம். தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியோ பொதுவாகக் குடிமகனுக்கு எட்டாத வகையில் வைக்கப்பட்டது. சட்டம் கடுமையானது என்று அவர் முகம் வாடினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெருக்கமான தெருவில், மேல்மாடியில் குழந்தைகள் உறங்கும் வீட்டில், மேசைமேல் வெடிமருந்தைக் கொட்டி அளப்பதை நான் விரும்பேன். அவரது பெட்டியில் அக்கருவிகள் இருந்திருந்தால் மீனம்பாக்கத்திலேயே கதை வேறாகியிருக்கும்.

இங்கே வெறுங்கூட்டையும் எப்படிக் காக்கிறோம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கல்லூரியில் மாணவர் படைக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில், சூட்டுப் பயிற்சிக்கு மாணவரை அழைத்துச் செல்வேன். எங்களுடையவை .22 அங்குலத் தோட்டாக்கள். தீ மருந்து விளிம்பிலேயே பூசப்பட்டிருப்பதால் ஒருமுறை நசுங்கிய கூடு மறுபடி எதற்கும் ஆகாது. ஆயினும் சுட்ட எண்ணிக்கைக்குச் சரியாகக் கூடுகள் திரும்ப வேண்டும். ஒரு நாள் ஒன்று குறைந்தது. வெயில் உச்சியேற, நாற்பது பேரும் வரிசையாய்க் குனிந்து புல்லை விலக்கித் தேடினோம். கடைசியில் ஒரு மாணவன் காலணியைக் கழற்றி உதறினான்; சூடாகத் தெறித்து உள்ளே விழுந்தது கணுக்காலைச் சுட்டிருந்தும் அவன் வாய் திறக்கவில்லை. எண்ணிக்கை சரியாயிற்று, கையொப்பமிட்டோம், பிறகுதான் வண்டி புறப்பட்டது.