கலனுக்குள் ஒரு பொட்டு

30 டிகிரி சூட்டில், காற்று படும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் 7.5 மில்லிகிராம்தான். நெருக்கமாக வளர்ந்த பாக்டீரியாக் கூட்டம் அதைச் சில நொடிகளில் காலிசெய்துவிடும். இன்சுலினும் தடுப்பூசிகளும் உருவாகும் பயோரியாக்டர் கலன்களில் இந்தச் சொற்ப மூச்சைத்தான் இரவு பகலாகக் காவல் காக்க வேண்டியிருக்கிறது.

1944 மார்ச்சில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு பழைய ஐஸ் தொழிற்சாலையில், ஃபைசர் நிறுவனம் 14 பெரிய தொட்டிகளில் பெனிசிலின் பூஞ்சையை வளர்க்கத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 7,500 கேலன். பூஞ்சை மூச்சுவிட, கிருமி நீக்கிய காற்றை ஊதி ஊதிக் கலக்கினார்கள்.

கரைந்த ஆக்சிஜனை எளிதாக அளக்க வழி தந்தவர் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க். 1950களில், ரத்தத்துக்காக அவர் செய்த கருவி அது. பிளாட்டினம் மின்முனை, அதன்மேல் மெல்லிய சவ்வு. சவ்வைத் தாண்டி வரும் ஆக்சிஜன் மின்னோட்டமாக மாறும். பின்னாளில் தொட்டிகளுக்கும் அதே முறை வந்தது. ஆனால் அது அளக்கும் ஆக்சிஜனையே கொஞ்சம் தின்றுவிடும். கம்பி நுழையத் துளையும் வேண்டும். துளை என்றாலே கிருமி பயம்.

1990களில் விஜய் சிங் என்பவர் தொட்டில்போல் ஆடும் மேடைமீது பிளாஸ்டிக் பையை வைத்துச் செல்களை வளர்த்துக் காட்டினார். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பை. அதில் போய் எங்கே துளை போடுவது?

விடை, ஸ்டிக்கர் பொட்டு அளவே உள்ள ஒரு வட்டம். பையின் உட்சுவரில் முன்கூட்டியே ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து நீல ஒளியைப் பாய்ச்சினால், பொட்டிலுள்ள சாயம் சிவப்பாக ஒளிரும். ஆக்சிஜன் வந்து மோதினால் அந்த ஒளிர்வு சீக்கிரம் அணையும். அணைவதற்கு ஆகும் நேரம், ஒரு நொடியில் லட்சத்தில் சில பங்கு; அதை எண்ணினால் ஆக்சிஜன் அளவு தெரிந்துவிடும். பிரகாசத்தை ஏன் பார்ப்பதில்லை? சாயம் நாளடைவில் வெளுத்துக் கணக்கைக் கெடுத்துவிடும். ஒளியே சுவரைத் தாண்டிச் செய்தி கொண்டுவரும் இந்த ஏற்பாடு உண்மையிலேயே அழகானது.

இந்த உரையைச் சுமந்துவரும் வானொலி அலைகளையே உள்ளேயிருந்து பேசவைத்தால் என்ன? எஃகுச் சுவர் அவற்றை மறிக்கும். உப்புச் சத்துள்ள கரைசல் விழுங்கும். நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேச, திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் கடற்படை மிகத் தாழ்ந்த அலைவரிசையைப் பயன்படுத்துவதும் உப்புநீரின் இந்தக் குணத்தால்தான். அதனால் பையருகே இருக்கும் கருவி ஒளியைப் படித்து, அதன் பிறகே கம்பியில்லாமல் கணினிக்கு அனுப்புகிறது.

பல்லாயிரம் லிட்டர் தொட்டிகளில் இன்னொரு சங்கடம். சுவரோரத்து உணரிக்குச் சுவரோரம் மட்டுமே தெரியும். அதற்காக வந்தவை, செல்களோடு சேர்ந்து மிதந்து சுற்றும் சிறு உருண்டைகள். சில, தாழ்ந்த அலைவரிசையில் அவ்வப்போது செய்தி அனுப்பும். மற்றவை எல்லாவற்றையும் நினைவகத்தில் பதிந்துகொண்டு, தொட்டி காலியான பிறகே விவரம் தரும். சர்க்கரைக் கரைசல் வந்து விழும் இடத்தருகே செல்கள் ஆவலாய்த் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, சில நொடிகள் மூச்சுத் திணறுவது அப்படித்தான் பொறியாளர்களுக்குத் தெரியவருகிறது.