கைக்கு ஏற்ற கிட்டார்

(நூற்றாண்டு நிறைவுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நிதியிலிருந்து பாடசாலையின் மேலைத்தேய இசைக்குழுவுக்கு இரண்டு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கிக் கொடுப்பதென்று சங்கம் தீர்மானித்தது. எதை வாங்குவதென்று பார்த்துவரும் பொறுப்பு எங்கள் வகுப்பைச் சேர்ந்த மூவரிடம் வந்தது. ஒருவர் ஆசிரியை, ஒருவர் வங்கி உத்தியோகத்தர், ஒருவர் வைத்தியர். கிட்டார் வாங்குவதற்கு வைத்தியர் எதற்கென்று சிலர் கேட்டீர்கள். அதற்குப் பதிலாகத்தான் இந்த உரை. வைத்தியரே பேசட்டும் என்று மற்ற இருவரும் முன்வரிசையில் அமர்ந்துகொண்டார்கள்.

பாடசாலையில் இப்போது ஓர் எலக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு நலன்விரும்பி தந்தது. நல்ல கிட்டார்தான், குறை சொல்வதற்கில்லை. தராசில் வைத்துப் பார்த்தோம். நாலரைக் கிலோ இருந்தது. அதை வாசித்துக்கொண்டிருந்த பத்தாம் தரப் பிள்ளையின் நிறை 39 கிலோ. பெரகல சந்திக்கு மேலே உள்ள தோட்டத்திலிருந்து வருகிற பிள்ளை. யாரும் சொல்லிக்கொடுக்காமல், வானொலியில் கேட்ட பாட்டுகளைக் கம்பியில் தேடிப் பிடித்தவள். சில மாதங்களில் இடது தோளில் வலி, பிறகு சுண்டுவிரலில் விறைப்பு. வெளியிலிருந்து பயிற்சி கொடுக்க வந்த ஒருவர், "உன் கை சின்னது, நீ கீபோர்டுக்குப் போ" என்றாராம். பிள்ளை கீபோர்டுக்குப் போனாள். பிறகு பயிற்சிக்கே வராமல் நின்றுவிட்டாள்.

கை சின்னது என்ற அந்த வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கிட்டாரைவிட நீளமும் பருமனுமான வாத்தியம் வீணை. அதை நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மடியில் வைத்து வாசிக்கிறார்கள். உன் கை சின்னது, வீணையை விடு என்று எந்தத் தாயும் சொன்னதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. தஞ்சாவூரில் பிறந்து காசியில் வளர்ந்த கமலா சங்கர் அம்மையார், கிட்டாரை மடியில் கிடத்தி இந்துஸ்தானி இசை வாசிப்பவர். கடையில் கிடைத்த கிட்டார் தம் இசைக்குப் போதாதென்று புதிதாக ஒன்றை வடிவமைத்துக்கொண்டார். அதற்குச் சங்கர் கிட்டார் என்று பெயர். வாத்தியத்துக்காக அவர் தம்மை மாற்றிக்கொள்ளவில்லை.

நமக்கும் எலக்ட்ரிக் கிட்டார் அந்நியமான சாமான் அல்ல. சிங்கள இசையில் அதற்கு நிலையான இடம் வாங்கித் தந்த கிளரன்ஸ் விஜேவர்தன, பெரகலைக்கு மேலே நாம் தினமும் பார்க்கும் அதே ஹப்புத்தளையில் பிறந்தவர். 1966இல் அவர் அன்னஸ்லி மாலவனவுடன் தொடங்கிய மூன்ஸ்டோன்ஸ் குழுவின் பாட்டுகள் நம் பெற்றோர் காலத்தில் லயத்து வானொலிகளிலும் கேட்டன. அந்தக் குழுவில் இந்திராணி பெரேரா என்ற பெண்குரலும் உண்டு. ஆனால் பெண் ஒலிவாங்கிக்கு முன்னால், ஆண் கிட்டாரோடு என்ற ஏற்பாடுதான் நம் மேடைகளில் வெகுகாலம் இருந்தது. எங்கள் காலத்திலும் அப்படியே. கலைவிழாவுக்குப் பக்கத்துப் பாடசாலைப் பையன்கள் கிட்டாரோடு வருவார்கள், நாங்கள் பின்னால் நின்று கோரஸ் பாடுவோம்.

சரி, கடைக்கு வருவோம். கொழும்பில் ஒரு கடையில், பெண்பிள்ளைகள் வாசிக்கக் கிட்டார் வேண்டும் என்றோம். ஒரு வார்த்தை கேட்காமல் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார்கள். நிறத்தோடு எங்களுக்குப் பகை இல்லை. பத்தாம் தரத்துக்கு அது பிடிக்கவும் கூடும். ஆனால் நிறையைக் கேட்டால் தெரியவில்லை, கம்பி நீளத்தைக் கேட்டால் தெரியவில்லை. அளவு நாடாவையும் சின்னத் தராசையும் கைப்பையிலிருந்து எடுத்தபோது, கடைக்காரத் தம்பி எங்களை ஏதோ சோதனைக்கு வந்த அதிகாரிகள் என்றே நினைத்துவிட்டார்.

நாங்கள் பார்த்தவற்றில் முதலாவது நிறை. லெஸ் போல் வகைக் கிட்டார்கள் நாலு கிலோவுக்கு மேலும் வரும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை பெரும்பாலும் மூன்றரைக் கிலோவை ஒட்டி இருக்கும். தேடினால் மூன்று கிலோவுக்குக் குறைவானதும் கிடைக்கும். கொழுந்துக் கூடையின் கயிறு நம் அம்மாமாரின் தலையில் எப்படி அழுத்தியது, மாலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்பதை இந்த மண்டபத்தில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. வைத்தியசாலையில் அந்தக் கழுத்துகளை இன்றும் பார்க்கிறோம். ஒரே பக்கத்துத் தோளில் பாரம் தொங்கினால் தசை இறுகும். தோளுக்கும் கழுத்துக்கும் இடையே கைக்குப் போகும் நரம்புகள் நெருக்கப்படும். அந்தப் பிள்ளையின் சுண்டுவிரல் விறைப்புக்கு அதுவே காரணம். தோள்பட்டி ஐந்து சென்ரிமீற்றருக்குப் பதில் எட்டு சென்ரிமீற்றர் அகலமாக இருந்தாலே பாரம் பரவிவிடும். கலைவிழாவில் சேலையோ தாவணியோ கட்டி வாசிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று: தோளில் ஊசி குத்துமிடத்தில் பட்டி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறை குறைந்தால் மட்டும் போதாது. உடல் இலேசாகவும் கழுத்து பாரமாகவும் இருந்தால், கையை விட்டதும் கிட்டாரின் தலை கீழே சாயும். அதை இடது கையால் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டிவரும். கடையில் எழுந்து நின்று இரண்டு கையையும் எடுத்துப் பாருங்கள், அது தன்பாட்டில் நிற்க வேண்டும்.

அடுத்தது கம்பியின் நீளம். வீணையில் மெட்டு என்கிறோமே, கிட்டாரில் அதற்கு ஃபிரெட் என்று பெயர். கம்பி அதிரும் நீளம் கூடினால் ஃபிரெட்டுகளுக்கு இடையிலான தூரமும் கூடும். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அந்த நீளம் 648 மில்லிமீற்றர், கிப்சன் வகையில் சுமார் 628, ஃபெண்டர் மஸ்டாங் என்ற 1964ஆம் ஆண்டு வடிவத்தில் 610. கணக்குப் போட்டுப் பார்த்தோம். முதலாம் ஃபிரெட்டிலிருந்து நாலாம் ஃபிரெட் வரை நீளமானதில் 97 மில்லிமீற்றர், குறுகியதில் 92க்கும் குறைவு. ஐந்தாறு மில்லிமீற்றர் பெரிய விஷயமா என்று கேட்கலாம். சுண்டுவிரல் கம்பியை எட்டுவதும் எட்டாமல் மணிக்கட்டு மடங்குவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மடங்கிய மணிக்கட்டோடு தினமும் ஒரு மணிநேரம் வாசித்தால் தசைநாண்கள் வீங்கும். கம்பி நீளம் குறைந்தால் இழுவிசையும் குறையும், அழுத்துவது இலகு. இன்னும் மெல்லிய கம்பி போட்டால் மேலும் இலகு.

ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு முதலில் வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் பெரிய மரப்பெட்டிக் கிட்டாரைத்தான். அதன் உடல் பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பு, கம்பியும் முரடு. எலக்ட்ரிக் கிட்டாரின் தடிப்பு ஐந்து சென்ரிமீற்றருக்கும் குறைவு, கம்பி மெல்லியது, கழுத்து ஒடுக்கமானது. சின்னக் கைக்கு இதமானது எதுவோ, அதுதான் ஆண்பிள்ளைச் சாமான் என்று பெயர் வாங்கியிருக்கிறது.

மூன்றாவது விஷயத்தை வைத்தியர் என்ற உரிமையில் வெளிப்படையாகவே பேசிவிடுகிறோம். பின்வரிசையில் சிரிக்க வேண்டாம். கிட்டாரின் மேல் விளிம்பு பெண்ணின் மார்பில் அழுந்தும். வலிக்கும் என்று சொல்ல வெட்கப்பட்டு, கிட்டாரை இடுப்புக்குக் கீழே இறக்கிக் கட்டுவார்கள். அப்போது இடது மணிக்கட்டு இன்னும் மடங்கும். 1950களில் டெலிகாஸ்டரின் கூரான விளிம்பு விலாவில் குத்துகிறதென்று வாசிப்பவர்கள் முறைப்பட்டார்கள். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் முதுகையும் மேல் விளிம்பையும் செதுக்கி வளைத்ததற்கு அந்த முறைப்பாடும் ஒரு காரணம். முறைப்பட்டவர்கள் ஆண்கள். மார்பையும் கணக்கில் எடுத்துத் தமக்கு ஏற்ற உடலை வரைந்து, செயின்ட் வின்சென்ட் என்ற மேடைப் பெயர் கொண்ட அமெரிக்கக் கலைஞர் ஆனி கிளார்க், எர்னி போல் மியூசிக் மேன் நிறுவனத்தின் மூலம் ஒரு கிட்டாரை வெளியிட்டது 2016இல். இடையில் அறுபத்திரண்டு வருடங்கள்! இலேசாக இருப்பதால் அதை ஆண்களும் வாசிக்கிறார்கள்.

அதற்கு முன்பே, 2000இல், டெய்சி ரொக் என்ற நிறுவனம் பெண்பிள்ளைகளுக்கென்றே மெல்லிய கழுத்தோடு பூ வடிவிலும் இதய வடிவிலும் கிட்டார் செய்தது. கழுத்தை மெல்லியதாக்கியது நல்ல வேலை. பூ வடிவம் அவசியமா என்பதில் எங்கள் மூவருக்குள் இன்னும் ஒருமித்த கருத்து வரவில்லை. ஜோன் ஜெட் என்ற ரொக் பாடகி வேறு வழியில் போனார். தம் லெஸ் போல் பாரமாக இருக்கிறதென்று கிப்சனின் மெலடி மேக்கர் என்ற இலேசான கிட்டாருக்கு மாறினார். மாணவர்களுக்கென்று மலிவு விலையில் செய்யப்பட்ட வடிவம் அது. 2008இல் அதே வடிவத்தை அவர் பெயரிலேயே கிப்சன் வெளியிட்டது. அதற்கும் முன்னோடி சிஸ்டர் ரொசெட்டா தார்ப். 1964இல் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ரயில் நிலையத்து மேடையில், மழைக் குளிரில், மேலங்கியோடு நின்று எலக்ட்ரிக் கிட்டார் வாசித்த அம்மையார். படத்தைப் பார்த்தால் நம் ஹப்புத்தளை ஸ்டேசன் ஞாபகம் வரும். மழையில் மின்சாரத்தோடு நிற்கிறாரே என்று வைத்தியர் மனம் பதறவும் செய்யும்.

2018இல் ஃபெண்டர் நிறுவனம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எடுத்த கணிப்பில், புதிதாகக் கிட்டார் தொடங்குவோரில் பாதிப்பேர் பெண்கள். ஆகவே நாங்கள் சலுகை கேட்கவில்லை, வாடிக்கையாளர்களாகத்தான் கேட்கிறோம்.

ஒரு சின்ன விஷயம். காதில் மலிவான தோடு போட்டால் புண்ணாகிற பிள்ளைகள் உண்டல்லவா? அது நிக்கல் ஒவ்வாமை. பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும். கிட்டார் கம்பிகளில் பெரும்பாலானவற்றில் நிக்கல் இருக்கிறது. விரல் நுனியில் அரிப்பும் வெடிப்பும் வந்தால் பழக்கமில்லாத கை என்று விட்டுவிடாமல், துருப்பிடிக்காத எஃகுக் கம்பிக்கு மாற்றிப் பாருங்கள்.

இனி என்ன வாங்கினோம் என்று சொல்கிறோம். பெண்களுக்கு ஏற்ற கிட்டார் என்று ஒன்று கிடையாது. இசைக்குழுவில் 39 கிலோப் பிள்ளையும் இருக்கிறாள், வலைப்பந்து அணியில் எல்லோருக்கும் மேலே தலை தெரியும் பிள்ளையும் இருக்கிறாள். அதனால் நான்கு மாணவிகளைப் பெற்றோர் சம்மதத்தோடு கடைக்கே அழைத்துப் போனோம். கிட்டாரை விட்டுப் போன அந்தப் பிள்ளையும் வந்தாள். ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பத்து நிமிடம் நின்று வாசித்தார்கள். நாங்கள் பாட்டைக் கேட்கவில்லை. தோள் சமமாக இருக்கிறதா, மணிக்கட்டு நேராக இருக்கிறதா, முகம் சுளிக்கிறதா என்று பார்த்தோம். கடைசியில் 610 மில்லிமீற்றர் கம்பி நீளத்தில் மூன்று கிலோவுக்கு உட்பட்ட ஒன்றும், 648இல் விளிம்பு செதுக்கிய ஒன்றும் தேர்வாயின. அந்தப் பிள்ளை முதலாவதைக் கையில் எடுத்து ஏழாவது நிமிடத்தில் எங்களை மறந்துவிட்டாள். இரண்டுக்கும் அகலப் பட்டியும், இரண்டு தோளிலும் மாட்டும் பையும் எடுத்தோம். தோட்டத்துப் பாதையில் இறங்கி சந்தியில் பஸ் ஏறுகிற பிள்ளைக்கு ஒற்றைக் கைப்பிடி உதவாது.

வீட்டில் பழகுவதற்குச் செவியில் மாட்டும் ஹெட்ஃபோனும் அதற்குரிய சிறு கருவியும் சேர்த்தோம். லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் இன்னொரு வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கும். எலக்ட்ரிக் கிட்டாரை அம்ப்ளிஃபயர் இல்லாமல் வாசித்தால் பக்கத்து அறைக்கே கேட்காது. சத்தம் போடும் வாத்தியம் என்று பயப்படும் பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நம் ஊர் மூட்டம் கம்பியை ஒரே மாதத்தில் துருவேற்றிவிடும். வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஈரம் கசியும் சுவரில் தொங்கவிடக் கூடாது. இடி இடித்தால் முதல் வேலை பிளக்கைக் கழற்றுவது.

இறுதியாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பி அம்ப்ளிஃபயரின் வழியாக நிலக்கம்பியோடு, அதாவது எர்த்தோடு, இணைந்தது. அந்த இணைப்பு சரியில்லாத இடத்தில் அம்ப்ளிஃபயரில் கோளாறு ஏற்பட்டால் 230 வோல்ட் பிள்ளையின் விரலுக்கு வந்துவிடும். நம் மண்டபத்து வயரிங் நாங்கள் படித்த காலத்தது. தகுதியுள்ள மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு அதைப் பரிசோதித்து, தானாகத் துண்டிக்கும் ஆளியும் பொருத்த வேண்டும். அதற்குரிய செலவு மதிப்பீட்டைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். இன்றைய கூட்டம் அதை அங்கீகரித்தால் அடுத்த மாதம் கிட்டார்களைக் கையளித்துவிடலாம். அதுவரை இரண்டும் அதிபரின் அலுமாரியில் பத்திரமாக இருக்கும்.