வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு
(காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

நம் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கும் சில குடும்பங்கள் இப்போது சொந்த வீடு தேடுகிறார்கள். அதனால்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

பள்ளிக்கூடம், மெட்ரோ, ஆஸ்பத்திரி எல்லாம் நீங்களே பார்ப்பீர்கள். நான் சொல்ல வந்தது தண்ணீர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரிதான் இல்லை. 1920களில் அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகர் வந்தது.

2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வெள்ளம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலில், மறுபடியும் அங்கேதான். ஆகவே ஏப்ரல் வெயிலில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நவம்பரில், நல்ல மழைக்கு மறுநாள், புரோக்கர் இல்லாமல் போங்கள். தரைத்தளச் சுவரில் கறை எந்த உயரத்தில் நிற்கிறது? பழைய வீடுகளுக்கு வாசலில் எத்தனை படி? தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேளுங்கள், படகு வந்ததா என்று. மே மாதத்தில் தண்ணீர் லாரி எத்தனை வருகிறது என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போடுகிறோம். அதில் அடமானம் தெரியும், கைமாறியது தெரியும். பக்கத்தில் குளம் இருக்கிறதா என்பது தெரியாது. அதற்கு வருவாய்த் துறையின் 'அ' பதிவேடு இருக்கிறது. புல எண் தெரிந்தால் இணையத்திலேயே பார்க்கலாம். உங்கள் மனை மட்டுமல்ல, சுற்றியுள்ள புல எண்களையும் போட்டுப் பாருங்கள். எங்காவது நீர்நிலைப் புறம்போக்கு என்று வந்தால், விலை குறைவாகச் சொன்னதற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

பார்க்கத் தெரியாதவர்கள் டீ குடித்துவிட்டு இருங்கள். கைப்பேசியிலேயே காட்டித் தருகிறேன்.