பெட்டியின் பலம் மூலையில்



நான் அட்டைப்பெட்டி செய்கிறவன். எங்கள் தொழிலில் பெரிய கம்பெனிகள் ஆன்லைனில் ஏலம் வைத்துத்தான் பெட்டி வாங்குகின்றன. இந்த ஏலத்தில் விலை இறங்கும்; பத்துப் பைசா குறைத்தவருக்கு ஆர்டர். கிராஃப்ட் காகிதத்துக்கோ மில்காரர் சொல்வதுதான் விலை. பெட்டியின் அடக்க விலையில் பாதிக்குமேல் அந்தக் காகிதம். சீனா கழிவுக் காகித இறக்குமதியை 2021 ஜனவரியில் அடியோடு நிறுத்தியது. அதையொட்டி அங்குள்ளவர்கள், கழிவிலிருந்து செய்த கிராஃப்ட் காகிதத்தை நம் மில்களிலிருந்து சுருள் சுருளாக வாங்க, இங்கே தட்டுப்பாடும் விலையேற்றமும் வந்தன. இந்த நெருக்கடியில் 150 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராம், என்று பில் போட்டு 140 கொடுத்தவர்கள் உண்டு. அதைத் திருட்டு என்றுதான் சொல்வேன்.

வேறு வழி இருக்கிறது. ஒரு பிஸ்கட் கம்பெனியில், "ஐந்து ப்ளை பெட்டியே நசுங்குகிறது, கனத்தைக் கூட்டுங்கள், விலையைக் கூட்டாதீர்கள்" என்றார்கள். கிடங்கைப் பார்க்க அனுமதி கேட்டுப் போனேன். ஐப்பசி மழை, சுவரெல்லாம் ஈரம். ஈரம் ஏறினாலே அட்டை தளர்ந்துவிடும். போதாததற்கு, செங்கல் கட்டுவதுபோல மாற்றி மாற்றி அடுக்கியிருந்தார்கள். பெட்டி சுமை தாங்குவது நான்கு மூலைகளில். மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் நடுவில் உட்கார்ந்தால் தாங்கும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். அடுக்கும் பலகையான பேலட்டுக்கு வெளியே பெட்டி இரண்டு விரற்கடை வேறு நீட்டிக்கொண்டிருந்தது.

"மூலைக்கு மூலை வெச்சா சரிஞ்சிரும் சார்" என்றார் அடுக்கிக்கொண்டிருந்த தம்பி. அவர் பயம் நியாயமானது. கீழ் வரிசைகளை நேராக வைத்து, மேல் வரிசையை மட்டும் மாற்றிப் போட்டு, ஸ்ட்ராப் கட்டினோம். நசுங்குவது நின்றது. பேலட்டுக்குப் பொருந்தும்படி பெட்டி அளவைத் திருத்தியதில் காகிதமும் மிச்சம். அடுத்த ஏலத்தில், லாபத்தில் கை வைக்காமலே எங்களால் விலை குறைக்க முடிந்தது.

பெட்டி எவ்வளவு தாங்கும் என்று கணிக்க 1963இல் மெக்கீ என்பவர் தந்த சூத்திரம் ஒன்று உண்டு. அட்டையின் விளிம்பு வலிமை, தடிமன், பெட்டியின் சுற்றளவு எல்லாம் அதில் வரும். மாணவனாக அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். கிடங்கில் எப்படி அடுக்குவார்கள் என்பது அந்தச் சூத்திரத்தில் இல்லை.

இன்று பட்டம் வாங்கும் பிள்ளைகளே, உங்களில் பலர் நாளை கொள்முதல் பிரிவில் உட்காருவீர்கள். ஏலத்தைத் திறக்கும் முன் பெட்டிக்காரரை ஒரு மணி நேரம் உங்கள் கிடங்குக்குள் விடுங்கள். இன்றைக்குப் பல இடங்களில் எங்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.